தாமாருக்குக் காது கொடுத்தவர்கள்

வேதாகமத்தில் பிரசங்க மேடைகளில் அதிகம் கேட்கப்படாத அதிகாரங்களில் ஒன்று 2 சாமுவேல் 13. தாவீது ராஜாவின் மகள் தாமார். அவள் மீது ஆசை கொள்கிறான் வேறொரு தாய்க்குப் பிறந்த அண்ணன் அம்னோன். நோயாளி போல் நடிக்கும்படி அவனுக்கு யோசனை சொல்கிறான் யோனதாப் என்ற உறவினன். மகன் கேட்டானே என்று, அவனுக்குச் சமைத்துக் கொடுக்கத் தாமாரை அனுப்பி வைக்கிறார் தாவீது. அவள் வேண்டாம் என்று மன்றாடுகிறாள், நியாயம் பேசுகிறாள். அவன் கேட்கவில்லை. பலவந்தம் செய்த பிறகு வேலைக்காரனைக் கூப்பிட்டு அவளை வெளியே தள்ளிக் கதவைப் பூட்டச் சொல்கிறான். அவள் தலையில் சாம்பலைப் போட்டுக்கொண்டு, உடுத்தியிருந்த பல வண்ண அங்கியைக் கிழித்து, சத்தமாக அழுதுகொண்டே போகிறாள்.

அதன் பிறகு நடப்பதுதான் முக்கியம். உடன்பிறந்த அண்ணன் அப்சலோம், அவன் உன் சகோதரன்தானே, சும்மா இரு என்கிறான். விஷயம் தெரிந்து தாவீதுக்குக் கடுங்கோபம் வருகிறது. ஆனால் அவர் எதுவும் செய்யவில்லை. இரண்டு வருடம் கழித்து அப்சலோம் அம்னோனைக் கொன்று பழிவாங்குகிறான். தாமாருக்கு என்ன வேண்டும் என்று மட்டும் யாரும் கேட்டதாக அந்த அதிகாரத்தில் இல்லை. அவள் அண்ணன் வீட்டில் வாழ்விழந்து கிடந்தாள் என்பதோடு அவள் கதை முடிந்துவிடுகிறது.

திட்டம் போட்டவன், சந்தேகப்படாமல் அனுப்பியவர், கதவைப் பூட்டியவன், வாயை மூடச் சொன்னவன், கோபப்பட்டும் நடவடிக்கை எடுக்காதவர். ஒரு குடும்பத்தில் ஒரு கொடுமை எப்படி நடக்கிறது, எப்படி மறைக்கப்படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விவரம் வேண்டியதில்லை. ஆனாலும் பல புராட்டஸ்டண்ட் சபைகள் பின்பற்றும் மூன்றாண்டு சுழற்சி கொண்ட ஞாயிறு வாசக அட்டவணையில் இந்தப் பகுதி இடம்பெறவில்லை. புத்தகம் கையில் இருந்தும் வாசிக்காமல் விடப்பட்ட பக்கம் இது.

கடந்த 50 ஆண்டுகளில் கிறிஸ்தவ உலகில் இந்த நிலை மெல்ல மாறியது. துன்புறுத்தலைத் தடுக்கவும், பாதிக்கப்பட்டவர்கள் மீண்டு வரவும் கையேடுகள், பயிற்சிகள், சட்டதிட்டங்கள், விசாரணை அமைப்புகள் என்று பல உருவாயின. அவை எப்படி வந்தன என்பது அறிய வேண்டிய வரலாறு.

சியாட்டிலில் ஒரு தொடக்கம்

1970களில் அமெரிக்காவில் பெண்கள் இயக்கத்தின் முயற்சியால் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர்களுக்கான உதவி மையங்கள் திறக்கப்பட்டன. சியாட்டில் நகரில் அப்படியொரு மையத்தில் தன்னார்வலராகப் பணியாற்றியவர் மேரி ஃபார்ச்சூன். 1976இல் யுனைடெட் சர்ச் ஆஃப் கிறைஸ்ட் என்ற சபையில் போதகராக அபிஷேகம் பெற்றவர். உதவி மையங்களுக்கு வந்த பெண்களில் பலர் கிறிஸ்தவர்கள். கடவுள் ஏன் இதை அனுமதித்தார், நான் மன்னித்துத்தான் ஆக வேண்டுமா என்றெல்லாம் கேட்டார்கள். மையத்தில் இருந்தவர்களுக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. போதகர்களைக் கேட்டால், எங்கள் சபையில் அப்படி யாரும் இல்லையே என்றார்கள். போதகர் அதைப் பற்றி ஒருநாளும் பேசாதபோது, பாதிக்கப்பட்டவர் அவரிடம் எப்படிப் போய்ச் சொல்வார்?

இந்த இடைவெளியை நிரப்ப 1977இல் ஃபார்ச்சூன் ஒரு மையத்தைத் தொடங்கினார். பாலியல் வன்முறையையும் குடும்ப வன்முறையையும் தடுப்பதற்கான மையம் என்பது அதன் பெயர். பின்னாளில் அது ஃபெய்த் டிரஸ்ட் இன்ஸ்டிடியூட் என்று பெயர் மாறியது. 1983இல் பாலியல் வன்முறை பற்றி அவர் எழுதிய நூலின் துணைத் தலைப்பே, வாய்விட்டுச் சொல்ல முடியாத பாவம் என்ற பொருளில் அமைந்தது. 1987இல் கணவனிடம் அடிபடும் கிறிஸ்தவப் பெண்களுக்காக ஒரு சிறு கையேடு எழுதினார். கேள்வி பதில் வடிவத்தில், கைப்பையில் வைத்துக்கொள்ளும் அளவில் இருந்தது அது.

அந்தக் கையேடு எதிர்கொண்ட வாதங்கள் நம் ஊர்க்காரர்களுக்கும் பழக்கமானவை. மனைவி கீழ்ப்படிய வேண்டும், சிலுவையைச் சுமக்க வேண்டும், திருமண உடன்படிக்கையை உடைக்கக் கூடாது என்பவை அவை. ஃபார்ச்சூனின் பதில் எளிமையானது. எபேசியர் நிருபத்தில் மனைவிக்குச் சொல்லப்பட்டதற்கு முந்தைய வசனத்தில், ஒருவருக்கொருவர் கீழ்ப்படியுங்கள் என்று எல்லோருக்கும் சொல்லப்பட்டிருக்கிறது. உடன்படிக்கையை உடைத்தவன் கை ஓங்கியவன். வீட்டை விட்டு வெளியேறி உயிரைக் காப்பாற்றிக்கொண்டவள் அதை உடைக்கவில்லை, ஏற்கெனவே உடைந்து போனதை ஊரறியச் செய்தாள், அவ்வளவுதான்.

மன்னிப்பு என்ற சிக்கல்

பாதிக்கப்பட்டவர்களை அதிகம் காயப்படுத்திய அறிவுரை எது என்று பார்த்தால், மன்னித்துவிடு என்பதுதான். கொடுமை நடந்த மறுநாளே அது சொல்லப்பட்டுவிடும். மன்னித்தபின் அதைப் பற்றிப் பேசுவது தவறு, போலீசுக்குப் போவது அதைவிடத் தவறு என்றாகிவிடும். குற்றம் செய்தவருக்கு இதைவிட வசதி ஏது?

ஃபார்ச்சூன் மன்னிப்பை மறுக்கவில்லை. அதற்கு வரிசை உண்டு என்றார். லூக்கா 17ஆம் அதிகாரத்தில் இயேசு மன்னிப்பைப் பற்றிச் சொல்லும்போது, தவறு செய்தவனைக் கண்டிப்பதும் அவன் மனம் திரும்புவதும் முதலில் வருகின்றன என்பதைச் சுட்டிக்காட்டினார். பாதிக்கப்பட்டவருக்கு நியாயம் கிடைத்தது என்று சொல்ல ஏழு விஷயங்கள் வேண்டும் என்று பட்டியலிட்டார்.

1. உண்மையைச் சொல்ல இடம்
2. நடந்தது அநியாயம் என்று பிறர் ஏற்றுக்கொள்வது
3. கூடவே இருந்து துயரத்தில் பங்கெடுப்பது
4. வேறு யாரும் பாதிக்கப்படாமல் பாதுகாப்பது
5. குற்றம் செய்தவரைப் பொறுப்பேற்க வைப்பது
6. இழப்புக்கு ஈடு
7. பழிச்சொல்லிலிருந்து பாதிக்கப்பட்டவரை விடுவிப்பது

இவையெல்லாம் சபை செய்ய வேண்டிய வேலைகள். மன்னிப்பு மட்டுமே பாதிக்கப்பட்டவர் செய்வது. அதுவும் அவருக்கு உரிய காலத்தில், அவராக விரும்பினால் மட்டுமே. தங்கள் வேலையைச் செய்யாத சபைகள் அவர் வேலையை மட்டும் அவசரப்படுத்தின.

இந்த வரிசை நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதை உலகம் 2018 ஜனவரியில் பார்த்தது. அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் மருத்துவர் லாரி நாசர் மீது 2016இல் முதன்முதலாகப் பெயரைச் சொல்லி வெளிப்படையாகப் புகார் கூறியவர் ரேச்சல் டென்ஹாலண்டர். வழக்கறிஞர், தீவிர கிறிஸ்தவர். நீதிமன்றத்தில் அவனைப் பார்த்து மன்னிப்பைப் பற்றிப் பேசினார். அதே பேச்சில், அதிகபட்ச தண்டனை கொடுங்கள் என்று நீதிபதியைக் கேட்டுக்கொண்டார். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை என்பதற்கு அந்தப் பேச்சே சாட்சி. நாசருக்கு 40 முதல் 175 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை கிடைத்தது.

ஒரு பில்லியன் டாலர் எச்சரிக்கை

கத்தோலிக்கத் திருச்சபையின் கதை லூசியானா மாநிலத்தில் தொடங்குகிறது. அங்கே லாஃபயெட் மறைமாவட்டத்தில் கில்பர்ட் கோத்தே என்ற பாதிரியார் பல சிறுவர்களைச் சீரழித்தது 1980களின் முற்பகுதியில் வெளிவந்தது. 1985இல் அவருக்கு 20 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. அவரைப் பற்றி மேலதிகாரிகளுக்கு முன்பே தெரியும், ஊர் மாற்றி ஊர் அனுப்பி வைத்தார்கள் என்பதும் தெரியவந்தது.

அதே 1985இல் மூன்று பேர் சேர்ந்து அமெரிக்க ஆயர்களுக்கு ஒரு அறிக்கை தயாரித்தார்கள். திருச்சபைச் சட்ட வல்லுநரான தாமஸ் டாயில் என்ற குருவானவர், கோத்தேயின் வழக்கறிஞரான ரே மூட்டன், மனநல மருத்துவரும் குருவுமான மைக்கேல் பீட்டர்சன் ஆகியோரே அவர்கள். புகார் வந்தால் உடனே என்ன செய்ய வேண்டும், பாதிக்கப்பட்ட குடும்பத்தை எப்படி அணுக வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. கூடவே ஒரு எச்சரிக்கையும் இருந்தது. இப்படியே விட்டால் 10 ஆண்டுகளில் நஷ்ட ஈடு 100 கோடி டாலரைத் தொடும் என்றார்கள். ஆயர் பேரவை அந்த அறிக்கையின்படி செயல்படவில்லை.

அந்தக் கணக்கு மிகை அல்ல என்பது பின்னால் தெரிந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் உயர்மறைமாவட்டம் மட்டும் 2007இல் 508 பேருக்காக 66 கோடி டாலரும், 2024இல் 1,353 பேருக்காக 88 கோடி டாலரும் கொடுக்க ஒப்புக்கொண்டது. நாடு முழுமைக்கும் சொல்லப்பட்ட தொகையை ஒரே ஒரு உயர்மறைமாவட்டம் தாண்டிவிட்டது.

1988இல் பார்பரா பிளெய்ன் என்ற பெண், பாதிரியார்களால் பாதிக்கப்பட்டவர்களுக்காக ஸ்னாப் என்ற அமைப்பைத் தொடங்கினார். அவரும் சிறுவயதில் பாதிக்கப்பட்டவரே. ஒருவர் கதையை ஒருவர் கேட்பதும், வேண்டும்போது தொலைபேசியில் பேசுவதும்தான் முதலில் அதன் வேலை. திருச்சபை தராத ஒன்றை அவர்களே ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டார்கள்.

2002 ஜனவரியில் பாஸ்டன் குளோப் பத்திரிகை வெளியிட்ட தொடர் செய்திகளுக்குப் பிறகே நிலைமை திரும்பியது. அந்த ஆண்டு ஜூனில் டல்லஸ் நகரில் கூடிய ஆயர்கள், சிறுவர் பாதுகாப்புக்கான சாசனம் ஒன்றை ஏற்றுக்கொண்டார்கள். குற்றம் உறுதியான குரு இனி எந்தப் பணியிலும் இருக்கக் கூடாது, புகார்கள் அரசுக்குத் தெரிவிக்கப்பட வேண்டும், ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவ ஒருவர் இருக்க வேண்டும் என்பவை அதன் சாரம். ஆயர்கள் கேட்டுக்கொண்டதன்பேரில் ஜான் ஜே கல்லூரி நடத்திய ஆய்வு 2004இல் வெளிவந்தது. 1950 முதல் 2002 வரை 4,392 குருக்கள் மீது 10,667 பேர் குற்றம் சாட்டியிருந்தார்கள். அந்தக் காலத்தில் பணியில் இருந்த குருக்களில் இது சுமார் 4 சதவீதம்.

காப்பீட்டு நிறுவனம் கற்றுக்கொடுத்த பாடம்

இந்த வரலாற்றில் பலரும் கவனிக்காத பாத்திரம் ஒன்று உண்டு. அது இன்சூரன்ஸ். வழக்குகள் பெருகியதும் சபைகளுக்குக் காப்பீடு கொடுத்தவர்கள் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். ஞாயிறு பள்ளியில் கற்பிப்பவர் யார், அவர் பின்னணியை விசாரித்தீர்களா, எழுத்து வடிவில் விதிகள் இருக்கின்றனவா? வெர்ச்சுஸ் என்ற பயிற்சித் திட்டம் 1998இல் உருவானது. அதை உருவாக்கியது கத்தோலிக்க அமைப்புகளுக்குக் காப்பீடு வழங்கும் ஒரு நிறுவனம்தான். அமெரிக்க மறைமாவட்டங்கள் பலவற்றில் அது பரவியது.

யுனைடெட் மெத்தடிஸ்ட் சபை 1996இல் சிறுவர் பாதுகாப்புக்கான தீர்மானம் நிறைவேற்றியது. அதைத் தொடர்ந்து 1998இல் ஜாய் தார்ன்பர்க் மெல்டன் எழுதிய பாதுகாப்பான ஆலயங்கள் என்ற பொருள் கொண்ட கையேடு வெளிவந்தது. அதில் உள்ள விதிகள் மிகச் சாதாரணமானவை. பிள்ளைகளுடன் எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும். வகுப்பறைக் கதவில் கண்ணாடி இருக்க வேண்டும், இல்லையென்றால் கதவு திறந்திருக்க வேண்டும். பொறுப்பாளர் பிள்ளைகளைவிடக் குறைந்தது 5 வயதாவது மூத்தவராக இருக்க வேண்டும். பணியில் சேர்ப்பதற்கு முன் பின்னணி விசாரிக்க வேண்டும்.

இந்த விதிகளை யாரும் பக்திக்குறைவு என்று நினைக்க வேண்டியதில்லை. காணிக்கைப் பணத்தை எண்ணும்போது இரண்டு பேர் உட்கார்ந்து எண்ணுவது எந்தச் சபையிலும் வழக்கம். அதனால் பொருளாளர் மீது சந்தேகம் என்று அர்த்தம் ஆகிவிடாது. பணத்துக்குக் கொடுத்த அந்த ஜாக்கிரதையைப் பிள்ளைகளுக்கும் கொடுங்கள் என்பதுதான் இந்தக் கையேடுகள் சொன்ன செய்தி.

ஆனால் ஒரு எல்லை உண்டு. காப்பீட்டின் கண்ணில் இது நஷ்டத்தைக் குறைக்கும் வழி. கதவுக்குக் கண்ணாடி போட்டாயிற்றா என்று தணிக்கை செய்யலாம். ஏற்கெனவே பாதிக்கப்பட்ட ஒருவர் வந்து பேசும்போது அவரை நம்பினீர்களா என்பதை எந்தப் படிவத்திலும் டிக் செய்ய முடியாது. இன்னும் மோசமாக, பாதிக்கப்பட்டவரையே நஷ்டம் வரவழைக்கும் எதிராளியாகப் பார்க்கவும் இந்தக் கண் பழகிவிடும்.

எழுநூறு பெயர்கள்

அந்த ஆபத்து எவ்வளவு உண்மையானது என்பதைக் காட்டியது சதர்ன் பாப்டிஸ்ட் கன்வென்ஷன். அமெரிக்காவின் மிகப் பெரிய புராட்டஸ்டண்ட் பிரிவு இது. சிறுவயதில் போதகரால் பாதிக்கப்பட்ட கிறிஸ்டா பிரவுன் என்பவர், குற்றம் செய்த போதகர்களின் பட்டியலை எல்லாச் சபைகளும் பார்க்கும்படி வையுங்கள் என்று 2000களின் நடுப்பகுதியிலிருந்து கேட்டுவந்தார். ஒவ்வொரு சபையும் சுயாட்சி உடையது, எங்களால் முடியாது என்று 2008இல் நிர்வாகக் குழு கைவிரித்தது.

2019 பிப்ரவரியில் ஹூஸ்டன் கிரானிக்கிள், சான் அன்டோனியோ எக்ஸ்பிரஸ் நியூஸ் ஆகிய இரு பத்திரிகைகள் சேர்ந்து ஆராய்ந்து எழுதின. 20 ஆண்டுகளில் குற்றச்சாட்டுக்கு ஆளான போதகர்களும் தன்னார்வலர்களும் சுமார் 380 பேர், பாதிக்கப்பட்டவர்கள் 700க்கும் மேல் என்றன. 2021இல் சபைப் பிரதிநிதிகள் வாக்களித்துச் சுதந்திரமான விசாரணை கோரினார்கள். 2022 மே மாதம் அறிக்கை வந்தது. பட்டியல் வைக்க முடியாது என்று சொன்ன அதே அலுவலகத்தில் ஊழியர் ஒருவர் பல ஆண்டுகளாக ரகசியமாக ஒரு பட்டியல் வைத்திருந்தார். 700க்கும் மேற்பட்ட பெயர்கள். சபைகளை எச்சரிக்க அது பயன்படவே இல்லை. ஜூன் 2022இல் பொதுப் பட்டியல் ஒன்று உருவாக்கப் பிரதிநிதிகள் தீர்மானித்தார்கள். 2025 தொடக்கத்தில், அது இப்போதைக்கு முன்னுரிமை அல்ல என்று நிர்வாகம் சொல்லிவிட்டது.

இதே பிரிவிலிருந்துதான் 2019இல் 12 பாடங்கள் கொண்ட ஒரு நல்ல இலவசப் பயிற்சித் தொடரும் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். டென்ஹாலண்டர், மனநல நிபுணர் டயேன் லாங்பெர்க் போன்றோர் அதில் பங்களித்தார்கள். கையேடு நன்றாக இருந்தும் மனம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட உதாரணம் தேவையில்லை.

குணமாவதற்கான வழிகள்

தடுப்பது ஒரு பாதி. ஏற்கெனவே காயப்பட்டவர்கள் மறு பாதி. லாங்பெர்க் பென்சில்வேனியாவில் 1970களிலிருந்து பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆலோசனை கொடுத்தவர். 1997இல் ஆலோசகர்களுக்காகவும், 1999இல் பாதிக்கப்பட்டவர்களுக்காகவும் நூல்கள் எழுதினார். குணமாக மூன்று வேண்டும் என்பார் அவர். பேச்சு, கண்ணீர், காலம். ஜெபம் பண்ணினால் சரியாகிவிடும் என்று ஒரே நாளில் முடித்துவிட நினைக்கும் சபைகளுக்கு, இந்த மூன்றில் கடைசியைக் கொடுப்பதுதான் கடினமாக இருந்தது.

தென் ஆப்பிரிக்காவில் வேறொரு வழி பிறந்தது. பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரில் பல்கலைக்கழகத்துடன் இணைந்து இயங்கும் உஜாமா மையம், சாதாரண மக்களோடு உட்கார்ந்து வேதம் வாசிக்கும் பழக்கம் கொண்டது. 1990களின் பிற்பகுதியில் அவர்கள் எடுத்துக்கொண்ட பகுதி 2 சாமுவேல் 13. பிரசங்கம் இல்லை. கதையைச் சத்தமாக வாசித்துவிட்டுச் சிறு குழுக்களில் கேள்விகளைப் பேசுவார்கள். கதையில் உள்ள ஒவ்வொரு ஆணும் என்ன செய்தான்? தாமார் என்ன சொன்னாள், என்ன செய்தாள்? இந்தச் சபையில் தாமார்கள் இருக்கிறார்களா? அவர்களுக்கு உதவ இந்த ஊரில் என்ன இருக்கிறது? நாம் என்ன செய்யப் போகிறோம்?

பல பெண்கள் தங்களுக்கு நடந்ததை முதன்முதலாக வாய் திறந்து சொன்னது அந்தக் குழுக்களில்தான். இப்படி ஒரு கதை நம் வேதத்திலேயே இருக்கிறதா என்று பலர் திகைத்தார்கள். 2000இல் இது தாமார் இயக்கம் என்ற பெயரில் பரவத் தொடங்கி, கென்யா போன்ற நாடுகளுக்கும் சென்றது. பெரிய செலவில்லை, கட்டடமில்லை. வேண்டியது ஒரு வேதாகமம், சில கேள்விகள், கேட்க ஆயத்தமான சிலர், பேசியவரைக் கைவிடாத ஏற்பாடு. அவ்வளவே.

சட்டம் என்ன சொல்கிறது?

2019இல் போப் பிரான்சிஸ் வெளியிட்ட வோஸ் எஸ்திஸ் லூக்ஸ் முந்தி என்ற ஆணைப்படி, இத்தகைய குற்றத்தை அறியும் குருக்களும் துறவிகளும் திருச்சபை அதிகாரிகளுக்குத் தெரிவிப்பது உலகெங்கும் கட்டாயம். 2023இல் அது நிரந்தரமானது. தமிழ்நாட்டின் மறைமாவட்டங்களுக்கும் இது பொருந்தும். ஆனால் திருச்சபைக்குள் தெரிவித்தால் கடமை முடிந்தது என்று ஆகாது. இந்தியாவில் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19ஆம் பிரிவின்படி, ஒரு பிள்ளைக்கு நடந்த பாலியல் குற்றத்தை அறிந்த எவரும் போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தவறினால் 21ஆம் பிரிவின்படி தண்டனை உண்டு. சபைக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

இந்த 50 ஆண்டுகளை மொத்தமாகப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. ஃபார்ச்சூனின் கையேடு உதவி மையத்தில் பெண்கள் கேட்ட கேள்விகளிலிருந்து வந்தது. ஸ்னாப் பாதிக்கப்பட்டவராலேயே தொடங்கப்பட்டது. பிரவுன் பல வருடம் கதவைத் தட்டாமல் இருந்திருந்தால் பட்டியல் பற்றிய பேச்சே வந்திருக்காது. நல்ல கருவிகள் எல்லாம், சும்மா இரு என்று சொல்லப்பட்டும் சும்மா இருக்காதவர்களிடமிருந்து பிறந்தவை. ஆகவே ஒரு சபை புதிதாக ஏதாவது தொடங்க நினைத்தால் கையேடு வாங்குவதற்கு முன்பே செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. 2 சாமுவேல் 13ஐ ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்பாகவும் வாசிக்கலாம். வாசித்து முடித்ததும் யாராவது பேச வந்தால், உட்கார்ந்து கேட்கலாம்.